டீசல் எஞ்சின் மாற்றும் தம்பிமாருக்கு: முதலில் பிரேக்கைப் பாருங்கள்



வீட்டு முற்றத்தில் போனட்டைக் கழற்றி, பலா மரக்கிளையில் செயின் புளொக் கட்டி, பெற்றோல் எஞ்சினை இறக்கிவிட்டு டீசல் எஞ்சின் ஏற்றும் தம்பிமாரை நம் பக்கம் எங்கும் காணலாம். பசறையிலும் உண்டு, மடுல்சீமையிலும் உண்டு. அவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருவதில்லை, மரியாதைதான் வருகிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி வழி திறந்தது. திறந்தும் என்ன, அந்த விலைக்கு லயத்தில் இருப்பவன் புதுக் கார் வாங்க முடியுமா? இருக்கிற பழைய காரை வைத்துத்தான் தோட்டத்திலிருந்து பதுளை ஆஸ்பத்திரிக்கு ஹயர் ஓட வேண்டும்.

ஆனால் “டீசல் போட்டால் லாபம்” என்ற பேச்சைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். நான் வாத்தியார், கணக்கை விடமாட்டேன்.

2021 டிசம்பரில் பெற்றோல் லீற்றர் 177 ரூபா, டீசல் 121 ரூபா. 2022 ஜூன் கடைசியில் பெற்றோல் 470, டீசல் 460. ஐம்பத்தாறு ரூபா வித்தியாசம் பத்து ரூபாவாகிவிட்டது. அதன் பிறகு பழைய இடைவெளி திரும்பி வரவில்லை. மாதம் 1000 கிலோமீற்றர் ஓடும் ஒரு காரை எடுப்போம். பெற்றோலில் லீற்றருக்கு 10 கிலோமீற்றர், டீசலில் 14 என்று வைப்போம். 2021 விலையில் எண்ணெய்ச் செலவு பாதிக்கும் கீழே இறங்கியது. பெற்றோல் 300, டீசல் 280 என்று போட்டால் மூன்றில் ஒரு பங்குதான் குறையும், மாதம் ஏறத்தாழ 10,000 ரூபா. எஞ்சின், கியர்பொக்ஸ், மவுண்ட், ரேடியேட்டர், பாஸின் கூலி எல்லாம் சேர்த்து ஐந்து இலட்சம் போனால், அது திரும்பி வர நான்கு வருஷத்துக்கு மேல். தினமும் ஹயர் ஓடுபவனுக்கு இது சரிவரும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கும் ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கும் மட்டும் கார் எடுப்பவனுக்குச் சரிவராது.

பணத்தை விடுங்கள். எனக்குப் பயம் வேறு இடத்தில்.

டீசல் எஞ்சின் காற்றை இருபது மடங்குக்கும் மேல் அழுத்தி, அந்தச் சூட்டிலேயே எண்ணெயைப் பற்றவைக்கிறது. பெற்றோல் எஞ்சினில் ஒன்பது, பத்து மடங்குதான். அந்த அழுத்தத்தைத் தாங்க புளொக் தடித்த இரும்பாக இருக்கும், பாரமும் கூடும். மோரிஸ் மைனரின் கடைசி மொடல்களில் கம்பனி போட்டது 1098 சீசீ எஞ்சின், நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். அதில் 1974 சீசீ டொயோட்டா 2சி எஞ்சினை ஏற்றினால் கார் மேட்டில் நன்றாகத்தான் ஏறும். இறங்கும்போது?

பூஸ்டர் உள்ள கார்களில் இன்னொரு சிக்கல். பெற்றோல் எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது உண்டாகும் வெக்குவம்தான் பிரேக் பூஸ்டருக்குப் பலம் கொடுப்பது. டீசலில் அப்படிக் காற்றை அடைக்கும் வால்வு கிடையாது, ஆகவே வெக்குவமும் கிடையாது. அதற்குத் தனி பம்ப் வேண்டும். 2சி எஞ்சினில் அது ஆல்டர்னேட்டரின் பின்னால் இருக்கும். விலை குறைவு என்று பம்ப் இல்லாத ஆல்டர்னேட்டரைக் கொண்டுவந்து மாட்டினால் கார் ஓடும், பெற்றரியும் சார்ஜ் ஆகும், முற்றத்தில் எல்லோரும் கைதட்டுவார்கள். முதல் இறக்கத்தில் பெடல் கல்லாக நிற்கும்.

நம் பாதைகளை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2021 மார்ச் 20ஆம் திகதி பசறை 13ஆம் கட்டையில் பஸ் பள்ளத்தில் விழுந்ததை யார் மறந்தார்கள்? அது எஞ்சின் மாற்றிய வாகனமல்ல, அதனோடு இதை முடிச்சுப் போடவில்லை. பாதை எப்படிப்பட்டது என்பதற்குத்தான் சொல்கிறேன்.

மாற்றத்தான் வேண்டுமென்றால், கம்பனியே டீசலிலும் செய்த பாடியைத் தேடுங்கள். கொரோலா, கெரினா, சனி மூன்றும் ஜப்பானில் டீசலிலும் வந்தவை. மவுண்டும் ஸ்பிரிங்கும் அதற்கென்றே கிடைக்கும், வெட்டி ஒட்டும் வேலை குறைவு. பஞ்சிகாவத்தையில் எஞ்சின் வாங்கும்போது பில்லையும் இறக்குமதிப் பத்திரத்தையும் கேட்டு வாங்குங்கள். அது இல்லாமல் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் எஞ்சின் இலக்கத்தை மாற்றப் போனால் அலைச்சல்தான். “யார் பார்க்கப் போகிறார்கள்” என்பவர்கள் 2022 கியூஆர் காலத்தை நினைத்துப் பாருங்கள். காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர், அதுவும் திணைக்களப் பதிவை வைத்துத்தான். புத்தகத்தில் பெற்றோல், டேங்கில் டீசல் என்றால் வரிசையில் நின்று என்ன பிரயோசனம்? விபத்து நடந்தால் காப்புறுதிக் கம்பனியும் முதலில் அந்தப் புத்தகத்தைத்தான் கேட்கும்.

திணைக்களத்துக்கும் ஒரு வார்த்தை. இந்த வேலை நிற்கப் போவதில்லை. பதுளையிலேயே ஒரு பரிசோதகர் மாதம் ஒரு நாள் இருந்து, மாற்றிய கார்களின் பிரேக்கைப் பார்த்துப் பத்திரம் கொடுத்தால் பாதிப் பேர் தாங்களாகவே வருவார்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுக் கொழும்புக்குப் போ என்றால் யாரும் வரமாட்டார்கள்.

அதுவரை, மாற்றிய காரில் பிள்ளைகளை ஏற்றுமுன் ஒன்று செய்யுங்கள். பூஸ்டர் உள்ள கார் என்றால், எஞ்சினை நிறுத்தி பிரேக் பெடலை ஐந்தாறு தடவை மிதியுங்கள். மிதித்த காலை எடுக்காமலே ஸ்டார்ட் பண்ணுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. இறங்கவில்லையென்றால் அந்தக் காரை ஸ்பிரிங்வெலி இறக்கத்துக்கு எடுக்காதீர்கள், பாஸிடம் திருப்பிக் கொண்டுபோங்கள்.