டோக்கன் நம்பர் 17

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கிறது எங்கள் குடும்ப டாக்டரின் கிளினிக். டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்து "மூச்சை இழுங்க" என்பார். நாம் இழுக்கும்போது வெளியே கண்டக்டர் "தேனி, தேனி, தேனி" என்று கத்துவார். ஏதோ நம் நுரையீரல்தான் தேனிக்குக் கிளம்புகிறது போலிருக்கும்.

போன மாதம் எனக்கு மூன்று நாள் காய்ச்சல். ஆபீஸ் விட்டதும் நேரே போனேன். டோக்கன் 18.

நல்ல கூட்டம். ஒரு பெஞ்சில் ஆறு பேர், ஏறக்குறைய ஒருத்தர் மடியில் இன்னொருத்தர். எதிர் பெஞ்சில் ஒரே ஒருத்தர்தான். திருநங்கை. நாற்பது வயசிருக்கும், காட்டன் புடவை, கையில் துணிப்பை. பக்கத்தில் மூன்று பேர் உட்காரலாம், யாரும் உட்காரவில்லை. நான் மட்டும் என்ன பெரிய யோக்கியனா? 'நாள் பூரா உட்கார்ந்துதானே வேலை பார்க்கிறோம், கொஞ்சம் நிற்போமே' என்று சுவரில் சாய்ந்துகொண்டேன். 102 டிகிரி காய்ச்சலில் தேகப் பயிற்சி!

அவர் என்னைப் பார்த்தார். "தம்பி, கண்ணு செவந்து கெடக்கு. இங்கிட்டு வந்து உக்காருங்க. தொத்துனா ஒங்க காய்ச்சல்தான் எனக்குத் தொத்தும். என்கிட்டேருந்து ஒங்களுக்கு ஒண்ணும் தொத்தாது."

உட்கார்ந்தேன். காய்ச்சலைவிட அந்த வார்த்தைதான் அதிகம் சுட்டது.

கம்பவுண்டர் எட்டிப் பார்த்து, "டோக்கன் பதினேழு!" என்றார். அவர் எழுந்து உள்ளே போனார். அப்போதுதான் உறைத்தது. முன்பெல்லாம் கம்பவுண்டர் பேரைச் சொல்லித்தானே கூப்பிடுவார்?

என் முறை வந்ததும் டாக்டரிடம் கேட்டேன். அவர் உடனே சொல்லவில்லை. வாயில் தெர்மாமீட்டரைச் சொருகி, நான் குறுக்கே பேச முடியாதபடி செய்துவிட்டு ஆரம்பித்தார்.

"பல வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தங்க வந்தாங்க. யாருன்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். பழைய சீட்டுல ஆம்பளைப் பேரு. கம்பவுண்டர் அதைச் சத்தமாக் கூப்பிட்டுட்டாரு. புடவை கட்டினவங்க எந்திரிச்சதும் ஹாலே சிரிச்சுது. நேரா வெளியே போயிட்டாங்க. மறுபடி வந்தப்போ சர்க்கரை ஏறி கால் புண் அழுகிப்போச்சு. மாத்திரையில முடியவேண்டியது, ரெண்டு விரலோட போச்சு. அன்னியிலேருந்து எல்லாருக்கும் டோக்கன்தான். உள்ளே வந்ததும், 'உங்களை என்ன பேர் சொல்லிக் கூப்பிடட்டும்?'னு நானே கேட்டுக்குவேன்."

தெர்மாமீட்டரை எடுத்ததும், "இவங்களுக்கெல்லாம் ஸ்பெஷலிஸ்ட்தானே பாக்கணும் டாக்டர்?" என்றேன்.

"ஜலதோஷத்துக்கு என்னய்யா ஸ்பெஷலிஸ்ட்?"

வெளிநாட்டில் இதற்கு 'உடைந்த கை' என்றே கிண்டலாகப் பெயர் வைத்திருக்கிறார்களாம். கை ஒடிந்து போனாலும், மாவுக்கட்டுப் போடாமல் "எப்போ புடவை கட்ட ஆரம்பிச்சீங்க?" என்று விசாரிக்கும் டாக்டர்களுக்காக!

ஆனால் சிலதைக் குடும்ப டாக்டர் கட்டாயம் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்றார். உதாரணமாக, சிலர் மெடிக்கல் ஷாப்பில் கருத்தடை மாத்திரையை வாங்கி, பெண்மை வரட்டும் என்று இஷ்டத்துக்குப் போட்டுக்கொள்கிறார்கள். அதிலுள்ள ஈஸ்ட்ரோஜன் அளவு மீறினால் காலில் ரத்தம் உறையலாம். சிகரெட்டும் சேர்ந்தால் ஆபத்து அதிகம். கெண்டைக்கால் வீங்கி வருகிறவரிடம் மாத்திரை பற்றிக் கேட்காமல் தைலம் எழுதிக் கொடுத்தால், உறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போய் ஆளையே முடித்துவிடும். திட்டினால் சொல்ல மாட்டார்கள், தன்மையாகக் கேட்டால்தான் சொல்வார்கள்.

இன்னொன்று. ஆபரேஷன் செய்துகொண்ட திருநங்கைக்கும் பெரும்பாலும் புராஸ்டேட் சுரப்பி உள்ளேயேதான் இருக்கும். அறுபது வயசில் சிறுநீர் சொட்டுச் சொட்டாகப் போனால் அதையும் சந்தேகிக்க வேண்டும். திருநம்பிக்குக் கர்ப்பப்பை இருந்தால், மீசை இருந்தாலும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குச் சோதனை வேண்டும். டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடுகிறவருக்கு ரத்தம் கெட்டியாகலாம், அவ்வப்போது டெஸ்ட் செய்ய வேண்டும்.

"ஹார்மோன் ஆரம்பிக்கணும், ஆபரேஷன் வேணும்னா பெரியாஸ்பத்திரிக்கு லெட்டர் கொடுத்து அனுப்புவேன். அங்கே இதுக்குன்னு தனிப் பிரிவே இருக்கு. ஆனா லெட்டர் எழுத ஒரு ஆள் வேணும். திரும்பி வந்தப்புறம் பி.பி. பாக்கவும் ஒரு ஆள் வேணும். அதுதான்யா நான்."

சட்டத்தில் குறையில்லை. திருநங்கைகளுக்கு நல வாரியம் 2008-லேயே அமைத்த மாநிலம் நம்முடையது. 2019-ல் வந்த மத்திய சட்டம், இவர்கள் உடல்நலத்தையும் டாக்டர்கள் படிக்கும்படி பாடத்திட்டத்தை மறுபரிசீலனை செய்யச் சொன்னது. உலக சுகாதார நிறுவனம் அதே ஆண்டு இதை மனநோய்ப் பட்டியலிலிருந்து எடுக்க முடிவு செய்தது. மதுரையிலிருந்து சென்னைக்குப் போன இரண்டு பெண்கள் போட்ட வழக்கில், 'மாற்றிக் குணப்படுத்துகிறேன்' என்று யாரும் வைத்தியம் பார்க்கக் கூடாது என்றது சென்னை உயர் நீதிமன்றம், 2021-ல். மறு வருஷமே தேசிய மருத்துவ ஆணையமும் அப்படிச் செய்வது தொழில் ஒழுங்கீனம் என்று சொல்லிவிட்டது.

2019-ல் நம்ம மதுரை நர்த்தகி நடராஜ் பத்மஸ்ரீ வாங்கியபோது ஊரே பெருமைப்பட்டது. நானும் ஆபீஸில் எல்லாரிடமும் 'எங்க ஊரு' என்று சொல்லித் திரிந்தேன். விருது வாங்கினால் நம்ம ஊர்க்காரர். பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தால் மட்டும் யாரோவா?

கிளம்பும்போது நூறு ரூபாய் பீஸை நீட்டினேன். கேட்கக் கூடாதுதான், கேட்டுவிட்டேன். "அவங்ககிட்ட எவ்வளவு டாக்டர்?"

"நூறுதான். கொறைச்சா பிச்சை மாதிரி இருக்கும், கூட வாங்கினா அநியாயம். நோயாளின்னா நோயாளி, அவ்வளவுதான்" என்றவர், நான் கொடுத்த நோட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "அவங்க கொடுத்தது புது நோட்டு. இதென்னய்யா, கிழிஞ்சிருக்கு?"

மாற்றிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். பெஞ்சில் இப்போது இடமே இல்லை. 17-ஆம் நம்பர்தான் போய்விட்டாரே.