கோபத்துக்காக வருபவருக்கு அறிவுரை போதாது

நம் ஆலோசனை அறைக்குக் கோபத்தைக் காரணமாகச் சொல்லி வருபவர்களில் பலர் தாமாக வருவதில்லை. மனைவி அழைத்து வந்திருப்பார். மேலதிகாரி, "கவுன்சலிங் முடிச்சுட்டு வந்து டியூட்டில சேருங்க" என்று அனுப்பியிருப்பார். அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு நேராக நம்மிடம் வருபவரும் உண்டு. உட்கார்ந்ததும் சொல்வது ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும்: "கோபம் வரும் சார், ஆனா மனசுல எதையும் வெச்சுக்க மாட்டேன்." உடன் வந்த அம்மாவோ அத்தையோ, கோபம் இருக்கிற இடத்தில்தான் குணம் இருக்கும் என்று சேர்த்துச் சொல்வார். நாமும் முக்கால் மணி நேரம் கேட்டுவிட்டு, மூச்சை இழுத்து விடுங்கள், பத்து வரை எண்ணுங்கள், கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போங்கள் என்று சொல்லி அனுப்புகிறோம். அடுத்த வாரம் அவர் வருவதில்லை. ஒத்துழைப்பு இல்லை என்று கோப்பில் எழுதி மூடிவிடுகிறோம்.

அவர் ஒத்துழைக்கவில்லையா, அல்லது திரும்பி வரும்படியாக நாம் எதையும் கொடுக்கவில்லையா? நாம் சொன்ன அறிவுரை அத்தனையும் அவர் முன்பே கேட்டவை. பள்ளிக்கூடத்தில் வெகுளாமை அதிகாரத்தை மனப்பாடம் செய்து மதிப்பெண்ணும் வாங்கியிருப்பார். கோபப்படக் கூடாது என்பது அவருக்குத் தெரியும். கோபம் ஏறும் அந்த அரை நிமிடத்தில் உடம்பையும் நாக்கையும் என்ன செய்வது என்பதுதான் தெரியாது. அதை யாரும் சொல்லிப் புரியவைக்க முடியாது. செய்து பழகினால்தான் கைவரும்.

இதற்கான வழியை நாம் புதிதாகத் தேட வேண்டியதில்லை. அமெரிக்க உளவியலாளர் ரேமண்ட் நோவாக்கோ 1975இல் வெளியிட்ட நூலில் கோபத்துக்கென்றே ஒரு சிகிச்சை முறையை வகுத்து, சோதித்து, முடிவுகளையும் முன்வைத்தார். மன அழுத்தத்தைத் தடுப்பூசி போலச் சிறு அளவில் கொடுத்துப் பழக்கும் டொனால்ட் மைக்கன்பாமின் முறையை அவர் கோபத்துக்குப் பொருத்தினார். தன் கோபம் எதில் கிளம்பி எப்படி ஏறுகிறது என்று தெரிந்துகொள்வது முதல் படி. உடலைத் தணிக்கவும் எண்ணத்தைச் சரிபார்க்கவும் பேச்சை மாற்றவும் கற்பது அடுத்தது. பிறகு, கோபமூட்டும் சூழல்களைச் சிறியதிலிருந்து பெரியது வரை அடுக்கி, அறைக்குள்ளேயே நடித்துப் பழகுவது. 1977இல் இதைக் காவலர் பயிற்சிக்கும் பொருத்தி எழுதினார். 1998இல் ரிச்சர்ட் பெக்கும் எஃப்ரெம் ஃபெர்னாண்டஸும் 50 ஆய்வுகளில் பங்குபெற்ற 1,640 பேரின் முடிவுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை பெற்ற சராசரி மனிதர், சிகிச்சை பெறாதவர்களில் 76 விழுக்காட்டினரைவிட நல்ல நிலையில் இருந்தார். அந்த ஆய்வுகளில் கல்லூரி மாணவர்கள் மட்டுமல்ல, சிறைவாசிகளும் பிள்ளைகளைத் துன்புறுத்திய பெற்றோரும் இருந்தார்கள். "இவர் திருந்தவே மாட்டார்" என்று குடும்பம் கைவிட்ட ஒருவரிடம் நம்பிக்கையோடு வேலையைத் தொடங்க இது போதும்.

ஒன்றை மட்டும் உடனே நிறுத்திவிடலாம். தலையணையைக் குத்தச் சொல்வது, மொட்டை மாடியில் நின்று கத்தச் சொல்வது, உள்ளே இருப்பதையெல்லாம் கொட்டித் தீர்க்கச் சொல்வது இன்னும் பல பயிலரங்குகளில் நடக்கின்றன. பிராட் புஷ்மேன் 2002இல் 600 மாணவர்களிடம் இதைச் சோதித்தார். அவர்கள் எழுதிய கட்டுரையை ஒருவர் மோசமாகத் திட்டியதாகக் காட்டிக் கோபமூட்டினார். பிறகு ஒரு பகுதியினர் திட்டியவரை நினைத்துக்கொண்டே குத்துப்பையைக் குத்தினார்கள்; இன்னொரு பகுதியினர் உடற்பயிற்சி என்று நினைத்துக் குத்தினார்கள்; மற்றவர்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். திட்டியவரை நினைத்துக் குத்தியவர்களுக்கே கோபம் அதிகமாக இருந்தது. சும்மா உட்கார்ந்திருந்தவர்களே பிறகு மிகக் குறைவாகச் சீறினார்கள். சோஃபி கியார்விக்கும் புஷ்மேனும் 2024இல் வெளியிட்ட தொகுப்பாய்வு 154 ஆய்வுகளையும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களையும் உள்ளடக்கியது. உடலின் கிளர்ச்சியைத் தணிக்கும் மூச்சுப் பயிற்சி, தியானம், தசைத் தளர்வு போன்றவை கோபத்தைக் குறைக்கின்றன. கிளர்ச்சியை ஏற்றுபவை மொத்தத்தில் குறைப்பதில்லை என்பது அதன் முடிவு. மெல்லோட்டம்கூடக் கோபத்தை ஏற்றக்கூடும் என்று அதில் தெரிந்தது. கொட்டித் தீர்த்தவர் சற்று நேரம் இலேசாக உணர்கிறார் என்பது உண்மை. அந்த இலேசுதான் மறுபடியும் கத்தத் தூண்டுகிறது.

ஆகவே மூச்சுப் பயிற்சி சரியான தொடக்கம். ஆனால் பெரும்பாலான அமர்வுகள் அதோடு முடிந்துவிடுகின்றன. நோவாக்கோவின் கடைசிப் படியைத் தொடுபவர் குறைவு. அதற்குக் காரணம் நம் கூச்சம் என்று நினைக்கிறேன். நம் எதிரே அமர்ந்திருப்பவரைத் திட்டி நடிப்பது நமக்கு வரவில்லை.

ஒரு பேருந்து நடத்துநரை எடுத்துக்கொள்வோம். அவரோடு உட்கார்ந்து ஒன்று முதல் பத்து வரையிலான கோப அளவியில் அவருடைய நாளை அடுக்கச் சொல்ல வேண்டும். பத்து ரூபாய் டிக்கெட்டுக்கு 500 ரூபாய் நோட்டை நீட்டும் பயணி மூன்றில் இருப்பார். உள்ளே வரச் சொன்னால் சிரித்துக்கொண்டே படியில் தொங்கும் மாணவர்கள் ஆறில். எல்லார் முன்னாலும் கலெக்‌ஷன் குறைவு என்று டிப்போவில் திட்டும் அதிகாரி எட்டில். இதையெல்லாம் முடித்து வீட்டுக்குப் போனதும், "ஏன் இவ்ளோ நேரம்?" என்று கேட்கும் மனைவியை அவர் ஒன்பதில் வைத்தால், அங்கேயே நிறுத்தி அதைப் பேச வேண்டும். டிப்போவில் வாய்திறக்க முடியாத கோபம் எங்கே போய் இறங்குகிறது என்பதை அந்தத் தாளில் அவரே பார்ப்பார்.

ஒத்திகை மூன்றிலிருந்து தொடங்கும். நாம்தான் பயணி. "சில்லறை இல்லேன்னா பஸ்ஸ எதுக்கு எடுக்கறீங்க?" என்று நிஜக் குரலில், நிஜ அலட்சியத்தோடு கேட்க வேண்டும். அவருடைய தாடை இறுகும், கை பையைப் பிடிக்கும், குரல் ஏறும். அந்த இடத்தில் நிறுத்தி, இப்போது எண் என்ன என்று கேட்க வேண்டும். இறுகியது எங்கே? மனதில் ஓடிய சொற்கள் என்ன? "என்னைக் கேவலமா நெனைக்கிறான்" என்று அவர் சொன்னால், அது ஒன்றுதான் காரணமாக இருக்க முடியுமா என்று இருவருமாகப் பார்க்கலாம். மூச்சைத் தளர்த்தி விட்டபின், அவர் சொல்லக்கூடிய பதிலை அவரே கண்டுபிடிக்கட்டும். "டிக்கெட் பின்னாடி எழுதித் தர்றேன், எறங்கும்போது வாங்கிக்குங்க." இது அவர் வாயில் நிற்கும் வாக்கியம். "நீங்கள் இப்படிப் பேசும்போது நான் வருத்தமடைகிறேன்" என்பது பயிற்சிக் கையேட்டிலிருந்து வந்தது; ஓடும் பேருந்தில் எந்த நடத்துநரும் அதைச் சொல்ல மாட்டார். வாக்கியம் தானாக வரும்வரை, சலிப்புத் தட்டும்வரை திரும்பத் திரும்பச் செய்து, பிறகுதான் ஆறுக்குப் போக வேண்டும்.

விலகி நிற்பதற்கும் ஒத்திகை தேவை. சண்டை நடுவில் எழுந்து வெளியே போவது நம் வீடுகளில் அவமதிப்பாகவே படும், "பேசிட்டிருக்கும்போதே எந்திரிச்சுப் போறியா?" என்று அடுத்த சண்டை அங்கே தொடங்கும். எனவே அமைதியாக இருக்கும் ஒரு நாளில், வீட்டாரிடம் முன்பே சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும். எந்தச் சொல்லைச் சொல்லிவிட்டுப் போவார், எவ்வளவு நேரத்தில் திரும்புவார், திரும்பி வந்து அதே பேச்சைத் தொடர்வாரா என்பதெல்லாம் தெளிவாக இருக்க வேண்டும். அந்த நேரத்தில் பைக்கை எடுக்கக் கூடாது, டாஸ்மாக் பக்கம் போகக் கூடாது.

அமெரிக்க அரசின் சாம்சா நிறுவனம் 2002இல் வெளியிட்ட கையேடு, வாரம் 90 நிமிடமாக 12 குழு அமர்வுகளைப் பரிந்துரைக்கிறது. சம்பளத்தை இழந்து விடுப்பெடுத்து வரும் ஒருவரிடம் 12 வாரம் கேட்பது அதிகம் என்பது நமக்குத் தெரியும். ஆறு அமர்வுதான் கிடைக்கும் என்றால், அதில் மூன்றை ஒத்திகைக்கு வைத்துவிட வேண்டும். முதல் அமர்விலும் கடைசி அமர்விலும் ஒரே அளவுகோலால் அளக்கவும் வேண்டும். சார்ல்ஸ் ஸ்பீல்பர்கரின் கோபமானி, வெளியே கொட்டும் கோபத்தையும் உள்ளே அமுக்கும் கோபத்தையும் தனித்தனியே பார்க்கிறது. அமுக்கும் கோபம் நம் கண்ணில் படாமலே போவது அதிகம், குறிப்பாகப் பெண்களிடம். தலைவலி, தூக்கமின்மை, உடல்வலி என்று மருத்துவர் மருத்துவராக அலைந்துவிட்டு வரும் பெண்ணிடம், யார் மேல் கோபம் என்று நாம் கேட்பதே இல்லை.

கோபம் நியாயமாகவும் இருக்கலாம். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் வெகுளிக்குக் காரணமாகச் சொல்லும் நான்கும் ஒருவருக்கு இழைக்கப்படும் கேடுகளே: உடலைச் சிதைப்பது, குடியைக் கெடுப்பது, துன்புறுத்துவது, கொலை. சாதிப் பெயர் சொல்லி அழைக்கப்பட்ட ஊழியரையோ, கூலி பிடிக்கப்பட்ட தொழிலாளியையோ நிறுவனம் நம்மிடம் அனுப்பி, அவரை அடக்கித் தரச் சொன்னால், நம் பணி அதுவல்ல என்று எழுதித் தர வேண்டும். அவருடைய கோபத்தை மனுவாக, புகாராக, சங்கத்தில் வைக்கும் கோரிக்கையாக மாற்றத் துணைநிற்பதும் சிகிச்சையின் பகுதிதான்.

இனிச் சொல்வது, எந்தப் பயிற்சியையும் தொடங்கும் முன்பே கேட்டு முடிக்க வேண்டியது. வீட்டில் யாராவது அடிபடுகிறார்களா? தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில், தமிழ்நாட்டில் திருமணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில் ஏறக்குறைய 38 விழுக்காட்டினர் கணவரின் வன்முறைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். ஆகவே இந்தக் கேள்வியை எல்லாரிடமும் கேட்க வேண்டும். கணவனையும் மனைவியையும் தனித்தனியே உட்காரவைத்துத்தான் கேட்க வேண்டும். "உங்க மேனேஜர் மேல என்னைக்காவது கை ஓங்கியிருக்கீங்களா?" என்பது நல்ல கேள்வி. இல்லை என்று பதில் வந்தால், அந்த மனிதருக்குக் கோபத்தை அடக்கத் தெரியும். யாரிடம் அடக்க வேண்டும், யாரிடம் வேண்டாம் என்று அவர் முடிவுசெய்து வைத்திருக்கிறார். மினசோட்டாவின் டுலூத் நகரில் 1980களின் தொடக்கத்தில் உருவான திட்டம், மனைவியை அடிப்பதைக் கோபக் கோளாறாகப் பார்க்காமல் அதிகாரமாகவும் கட்டுப்பாடாகவும் பார்த்தது இதனால்தான். மனைவியை அடிப்பவருக்கு மூச்சுப் பயிற்சி மட்டும் கற்றுக்கொடுத்து, "இப்போ கவுன்சலிங் போறார்" என்ற நம்பிக்கையில் அந்தப் பெண்ணை மறுபடியும் அந்த வீட்டுக்கு அனுப்பினால், ஆபத்தைக் கூட்டியவர்கள் நாம் ஆவோம்.

சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவின்கீழ் நீதித்துறை நடுவர் ஆலோசனைக்கு உத்தரவிடலாம். 2006ஆம் ஆண்டு விதிகளில் 14ஆம் விதி, செய்த வன்முறைக்கு நியாயம் கற்பிக்க எதிர்த்தரப்பை அனுமதிக்கக் கூடாது என்றும், அதை அமர்வு தொடங்கும் முன்பே அவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும், இனி வன்முறையில் ஈடுபடமாட்டேன் என்ற உறுதிமொழியைப் பெற வேண்டும் என்றும் சொல்கிறது. "அவ வாய் அப்படி சார்" என்ற பேச்சை நாம் எத்தனை அமர்வுகளில் தலையாட்டிக் கேட்கிறோம்! மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இன் 23ஆம் பிரிவு இரகசியத்தைக் காக்கச் சொல்கிறது. இன்னொருவரைத் தீங்கிலிருந்து காக்கத் தேவையான அளவுக்கு மட்டும் தகவல் தர விலக்கும் அளிக்கிறது. இந்த எல்லையை முதல் அமர்விலேயே வந்தவரிடம் சொல்லிவிடுவது நேர்மை. பெண்ணிடம் 181 என்ற உதவி எண்ணையும், அதை எங்கே குறித்துவைப்பது பாதுகாப்பு என்பதையும் பேசிவிட வேண்டும்.

மருத்துவரிடம் அனுப்ப வேண்டியவர்களைப் பற்றிச் சுருக்கமாக. குடி இருந்தால் அதற்கான சிகிச்சை முன்னே வர வேண்டும். போதையில் இருப்பவருக்கு ஒத்திகை ஏறாது. சாந்தமாக இருந்த மனிதர் ஐம்பது வயதுக்குமேல் திடீரென்று எரிந்து விழுகிறார் என்றாலும், தலையில் அடிபட்டபின் குணம் மாறியது என்றாலும், தூக்கமே இல்லாமல் பெருமை பேசிச் சீறுகிறார் என்றாலும் நாமே வைத்துப் பார்க்கக் கூடாது. நெஞ்சுவலி வரலாறு உள்ளவர்களையும் கவனிக்க வேண்டும்: 1995இல் மாரடைப்பு நோயாளிகளிடம் மரே மிட்டில்மேன் குழுவினர் செய்த ஆய்வில், கடுங்கோபத்தைத் தொடர்ந்த இரண்டு மணி நேரத்தில் மாரடைப்பு தொடங்கும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேலாக இருந்தது. அருகில் மனநல மருத்துவர் இல்லாத ஊர்களில் டெலி மானஸ் 14416 முதல் கதவாக இருக்கட்டும்.

அடுத்த இதழிலிருந்து ஒத்திகைக் காட்சிகளுக்கென்று பக்கங்கள் ஒதுக்குகிறோம். உங்கள் அறையில் பயன்பட்டவற்றை எழுதி அனுப்புங்கள்: கோபமூட்டிய பேச்சு என்ன, வந்தவர் கண்டுபிடித்த பதில் என்ன, எத்தனையாவது முறையில் அது இயல்பாக வந்தது, பலிக்காமல் போனது எது. பெயர், ஊர், பணியிடம் எதுவும் தெரியாதபடி மாற்றிவிடுங்கள்; வந்தவரின் ஒப்புதலையும் பெற்றுவிடுங்கள். பேச்சு வழக்கை மட்டும் மாற்ற வேண்டாம். திருநெல்வேலியில் பேசியதைத் திருநெல்வேலித் தமிழிலேயே அச்சிடுவோம்.