பட்டயம் இல்லாத வனவர்கள்

மரம் நடுவதற்குப் பட்டயம் வேண்டுமாம்!

கென்யா நாட்டு வனத்துறையினர், 1970-களில், கிராமத்துத் தாய்மார்களைப் பார்த்துச் சொன்ன சொல் இது. விறகுச் சுமையால் முதுகு வளைந்தவர்கள், ஒரு குடம் நீருக்காகக் காதவழி நடந்தவர்கள், விதைப்பதும் அறுப்பதுமே வாழ்வாகக் கொண்டவர்கள். அவர்களுக்கு ஒரு கன்றை மண்ணில் ஊன்றத் தெரியாது என்றனர், மேசைக்குப் பின்னால் அமர்ந்திருந்த மேதைகள்!

நகைத்தவர்கள் நகைக்கட்டும் என்று அந்தத் தாய்மார்களின் பக்கம் வந்து நின்றவர் யார் தெரியுமா? பட்டயமென்ன, அதற்கும் மேலான முனைவர் பட்டமே பெற்ற பேராசிரியை. வங்காரி மாத்தாய் என்பது அவர் பெயர்.

1940-இல், நியேரி வட்டாரத்து இகிதே என்ற சிற்றூரில், உழவர் குடியில் பிறந்தார். வளமான மேட்டுநிலமெல்லாம் வெள்ளையர் வசம் இருந்த காலம் அது. தங்கை ஏன் பள்ளிக்கு வரவில்லை என்று அண்ணன் கேட்டான், தாய் யோசித்தாள், அனுப்பினாள். அந்தக் கேள்வி எழாதிருந்தால்? எத்தனை வீடுகளில் அந்தக் கேள்வி எழாமலே போயிற்று!

அமெரிக்காவில் படித்துத் திரும்பினார். 1971-இல் நைரோபியில் முனைவர் ஆனார். கிழக்கு, நடு ஆப்பிரிக்கப் பகுதியிலேயே அப்பட்டம் பெற்ற முதல் பெண். கால்நடை உடற்கூற்றியலில் துறைத் தலைவர், 1977-இல் இணைப்பேராசிரியர். ஆனால் வீட்டு வசதி, மருத்துவ உதவி, ஓய்வூதியம் ஆகியவற்றில் ஆணுக்கு ஒரு தட்டு, பெண்ணுக்கு ஒரு தட்டு! அவர் அதைக் கேட்டார். ஆசிரியர்களுக்குச் சங்கம் வேண்டுமென்றும் கேட்டார். ஆலையில் சங்கம் கேட்டவனுக்கு எப்படிப்பட்ட பார்வை கிடைக்கும் என்பது நம் தோழர்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மாடுகளைக் கொல்லும் நோய் பற்றி ஆராய, உண்ணி பொறுக்க ஊர்ப்புறம் சென்றார். அங்கே உண்ணியைவிடப் பெரிய பகை கண்ணில் பட்டது. மேய்ச்சல் இல்லாது எலும்பு தெரிந்த மாடுகள், செம்மண்ணைச் சுமந்தோடிய ஆறுகள், காடு இருந்த இடமெல்லாம் தேயிலையும் காப்பியும். விறகு இல்லை, ஆகவே அடுப்பு எரியவில்லை, ஆகவே வெந்தும் வேகாத உணவு, ஆகவே நோஞ்சான் பிள்ளைகள். ஆய்வுக் கூடத்திலே கிடைக்காத பாடம் இது!

1977 சூன் 5-ஆம் நாள் ஏழு கன்றுகளோடு தொடங்கியது பசுமை வளைய இயக்கம். உடைந்த பானையிலும் பழைய தகரக் குவளையிலும் விதையிட்டு நாற்று வளர்த்தனர் பெண்கள். பிழைத்து நின்ற ஒவ்வொரு கன்றுக்கும் அமெரிக்கக் காசில் நான்கு சென்ட். சிறு தொகைதான், ஆனால் அவளுடைய கையில் விழுந்த கூலி! ‘பட்டயம் இல்லாத வனவர்கள்’ என்று அவர்களைப் பெருமையோடு அழைத்தார் வங்காரி. 2004 வாக்கில் மூன்று கோடிக்கும் மேற்பட்ட மரங்கள்.

இடையிலே நடந்ததைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. 1982-இல் நாடாளுமன்றத் தேர்தலில் நிற்க, சட்டப்படி வேலையை விட்டார். வாக்காளர் பதிவிலே குறை என்று காரணம் காட்டி அவரை நிற்க விடவில்லை. சரி, வகுப்புக்கே திரும்புகிறேன் என்றார். விலகல் கடிதத்தின் மை உலருமுன்பே கதவு அடைபட்டிருந்தது! பதினாறு ஆண்டுப் பணி அன்றோடு முடிந்தது. குடியிருந்த பல்கலைக்கழக வீட்டையும் காலி செய் என்றனர்.

1989-இல், நைரோபி மக்கள் ஓய்வாக அமரும் உகுரு பூங்காவிலே அறுபது மாடி எழுப்பத் துணிந்தது ஆளுங்கட்சி. எதற்கு? கட்சியின் நாளேடு குடியேற! (நாமும் கட்சி ஏடுதான், நமது அச்சகத்தின் மேலே ஓடுதான், மழைக்கு ஒழுகவும் செய்கிறது. ஆயினும் பூங்காமீது நமக்குக் கண் சென்றதில்லை.) வங்காரி மடல் மேல் மடல் எழுதினார். மன்றத்திலே அவரது மணமுறிவைச் சொல்லி ஏசினர். நல்ல ஆப்பிரிக்கப் பெண்ணென்றால் ஆண்களை மதித்து வாய்மூடி இருக்க வேண்டும் என்று பேசினார் குடியரசுத் தலைவர் மோய். இயக்கத்தின் அலுவலகமும் பறிபோயிற்று. ஆனால் பணம் போட வந்தவர்கள் பின்வாங்கினர், மாடி எழவில்லை, பூங்கா பூங்காவாகவே நின்றது!

1999 சனவரியில், வேண்டியவர்களுக்குப் பங்குபோடப்பட்ட கருரா காட்டில் கன்று நடச் சென்றபோது அடியாட்கள் மண்டையை உடைத்தனர். வழிந்த குருதியாலேயே காவல் நிலையத்தில் புகாருக்குக் கையொப்பமிட்டார்.

பிறகு காட்சி மாறிற்று. 2002-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் வனவியலுக்கான வருகைதரு ஆய்வாளராக அவரை அழைத்தது. அதே ஆண்டு மக்கள் அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினர். 2003-இல் சுற்றுச்சூழல் துணை அமைச்சர். 2004-இல் அமைதிக்கான நோபல் பரிசு. 2010-இலோ, கதவடைத்த அதே நைரோபிப் பல்கலைக்கழகம், அமைதிக்கும் சுற்றுச்சூழலுக்குமான ஆய்வு நிலையம் ஒன்றை நிறுவி, அதற்கு அவர் பெயரையே சூட்டியது!

மறு ஆண்டு, 2011 செப்டம்பர் 25-இல், வங்காரி மறைந்தார். தன் உடலை மரப்பெட்டியில் வைக்கலாகாது என்று முன்பே சொல்லியிருந்தார். மூங்கிலும் கோரையும் ஆகாயத்தாமரையும் கொண்டு முடைந்த பெட்டியிலே அவரை எடுத்துச் சென்றனர்.