ஞானப்பாலும் மஞ்சள் ஒட்டுத்தாளும்

ஞானம் எப்படி வரும் என்பதில் சீர்காழிக்காரர்களுக்கு ஐயமே இல்லை. பிரம்மபுரீஸ்வரர் கோயில் குளக்கரையில் அழுத மூன்று வயதுக் குழந்தைக்கு அம்மை பொற்கிண்ணத்தில் பால் ஊட்டினாள், குழந்தை பாடிற்று. இன்றும் சித்திரையில் அதற்கு விழா எடுக்கிறார்கள். அந்தக் கதையின் அழகைக் குறை சொல்வது என் நோக்கமன்று. ஆனால் படைப்பூக்கமும் அப்படியே ஒரு கிண்ணத்தில் வந்து சேரும் என்ற நம்பிக்கை இன்று இரண்டு கூட்டத்தாரிடம் குடிகொண்டிருக்கிறது. ஒன்று, கல்லூரிகளில் புத்தாக்கம் கற்பிக்கும் பயிற்சியாளர்கள். மற்றொன்று, சொல்லக் கூச்சமாக இருக்கிறது, இலக்கியவாதிகளாகிய நாம்.

முதல் கூட்டத்திலிருந்து தொடங்குகிறேன். 2016இல் நிதி ஆயோக்கின் அடல் புத்தாக்க இயக்கம் தொடங்கப்பட்டது. 2022இல் தமிழக அரசின் 'நான் முதல்வன்' வந்தது. புதிய பொருளையோ சேவையையோ எண்ணித் தொடங்குவது எப்படி என்பது இன்று மாணவர்கள் கற்க வேண்டியவற்றுள் ஒன்றாகிவிட்டது. நல்லதுதான். ஆனால் அது எவ்வாறு கற்பிக்கப்படுகிறது?

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு தை மாதத்தில், சீர்காழிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் இரண்டு நாள் பட்டறையில் பார்வையாளனாக அமர்ந்திருந்தேன். மஞ்சள் ஒட்டுத்தாள்கள் கட்டுக்கட்டாக வந்தன. பத்து நிமிடத்தில் நாற்பது யோசனைகள் வேண்டும், எதையும் விமர்சிக்கக் கூடாது என்றார்கள். சுவர் மஞ்சளாயிற்று. ஐந்து பேர் கொண்ட ஒரு குழு, இடைத்தரகர் இல்லாமல் நெல் விற்க ஒரு செயலி என்று எழுதிப் பரிசும் பெற்றது.

தேநீர் இடைவேளையில் அக்குழுவின் பையன் ஒருவனிடம், "தம்பி, உங்க வீட்டு நெல்லு இப்ப எங்க இருக்கு?" என்று கேட்டேன்.

"ரோட்டுல காயுது சார். ஈரம் பதினேழுக்கு மேல இருந்தா கொள்முதல்ல எடுக்க மாட்டாங்க. நேத்து ராத்திரி பனிக்குத் தார்ப்பாய் போட்டு மூடிட்டு அங்கயே படுத்திருந்தேன்."

"அதை ஏன் எழுதலை?"

"அது ஐடியா இல்லையே சார். வேலைதானே."

இந்தக் கட்டுரை முழுவதும் அந்த ஒரு விடையைப் பற்றியதுதான். இரவெல்லாம் நெல்லுக்குக் காவல் கிடந்தவன் அறிந்தது அவன் பயிற்சியாளருக்குத் தெரியாது. வாய்க்கால், வரப்பு, கொள்முதல் நிலையத்து வரிசை, 2022 நவம்பரில் ஒரே நாளில் கொட்டித் தீர்த்த 44 செ.மீ. மழை, மூழ்கிய சம்பா, எல்லாம் அவன் கண்ட பாடங்கள். ஆனால் படைப்பூக்கம் என்ற பெயரால் நாம் அவனுக்குக் கற்பித்தது, அந்த அறிவைச் செருப்போடு வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வா என்பதுதான்.

அந்த மஞ்சள் ஒட்டுத்தாளின் வரலாற்றையாவது அவர்கள் சொல்லியிருக்கலாம். 1968இல் 3எம் நிறுவனத்தின் ஸ்பென்சர் சில்வர் வலுவான பசையைத் தேடியபோது கிடைத்தது, ஒட்டியும் ஒட்டாததுமான ஒரு பசை. அதனால் என்ன பயன் என்று ஆண்டுக்கணக்கில் ஒருவருக்கும் விளங்கவில்லை. 1974இல் ஆர்ட் ஃப்ரை என்ற இன்னொரு ஊழியருக்குத் தேவாலயப் பாடற்குழுவில் ஓர் எரிச்சல்: பாட்டுப் புத்தகத்தில் வைத்த அடையாளச் சீட்டுகள் உதிர்ந்துகொண்டே இருந்தன. பசையும் எரிச்சலும் சந்தித்தன. 1977இல் நான்கு நகரங்களில் வெள்ளோட்டம் விட்டார்கள், எடுபடவில்லை. மறு ஆண்டு இலவசமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். மக்கள் திரும்பக் கேட்டார்கள். 1980இல்தான் அமெரிக்கா முழுவதும் விற்பனைக்கு வந்தது. பன்னிரண்டு ஆண்டுகளில் உருவான ஒரு பொருளைக் கையில் கொடுத்து, பத்து நிமிடத்தில் புத்தாக்கம் செய் என்கிறோம். இதைவிடக் கேலிக்கூத்து வேறுண்டா?

'பிரெய்ன்ஸ்டார்மிங்' என்னும் முறையைப் பரப்பிய அலெக்ஸ் ஆஸ்பார்ன் விளம்பரத்துறைக்காரர். கூடிப் பேசினால் யோசனை பெருகும் என்ற அந்த நம்பிக்கையை 1958இலேயே யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். நால்வர் கூடி உட்கார்ந்து சொன்னதைக் காட்டிலும், நால்வர் தனித்தனியே எழுதியதைத் தொகுத்தபோது யோசனைகள் ஏறத்தாழ இரு மடங்காக இருந்தன. அந்த முறைதான் இன்னும் நம் வகுப்பறைகளில் மந்திரம்போல் ஓதப்படுகிறது.

இனி நம் கூட்டம். "படைப்பு கற்பித்து வருவதா? அது உள்ளொளி அல்லவா?" என்று நாம் உதட்டைச் சுழிக்கிறோம். இதுவும் ஞானப்பால் நம்பிக்கைதான். கிண்ணம் மட்டும் வேறு. பால் குடித்ததாகச் சொல்லப்படும் அந்தச் சம்பந்தரையே பாருங்கள். முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றேயாகும் மாலைமாற்றும், எண்களை ஏற்றி இறக்கி அடுக்கும் எழுகூற்றிருக்கையும் அவர் தம் ஊரின்மீது பாடியவை. எழுத்துக்கு எழுத்து விதித்துக்கொண்ட கட்டுப்பாடு அது. பின்னாளில் தண்டியலங்காரம் சித்திரகவிகளுக்கு இலக்கணமே வகுத்தது. கற்பிக்க முடியாத ஒன்றுக்கு யாராவது இலக்கணம் எழுதுவார்களா?

அதே ஊரில் வாழ்ந்த அருணாசலக் கவிராயர் (1711–1779) இராமநாடகக் கீர்த்தனையைத் தனியே முடிக்கவில்லை. சட்டநாதபுரத்து மாணவர் இருவர் இசையமைக்க உடனிருந்தனர். திருவரங்கத்தில் அரங்கேற்றச் சென்றபோது, முதலில் எங்கள் பெருமாளைப் பாடும் என்று கேட்டார்களாம். அங்கேயே அரங்கன்மீது பாடினார் என்பது வழிவழி வரும் செய்தி. கேட்பவர் முன் வைத்து, அவர் சொல்வதைக் காதில் வாங்கி, மாற்றுவது. இன்றைய பயிற்சியாளர் இதற்கு மூன்று ஆங்கிலச் சொற்கள் வைத்திருப்பார்.

வயலிலிருந்தும் ஒரு சான்று. 1983இல் மடகாஸ்கரில் ஹென்றி த லொலானியே என்ற பாதிரியாரின் வேளாண் பள்ளியில், வறட்சியின் நெருக்கடியால் பதினைந்து நாள் நாற்றையே நட நேர்ந்தது. முதலில் பயிர் ஏமாற்றமளித்தது. பிறகு எவரும் எதிர்பாராத அளவுக்குத் தூர் கட்டியது. வேறொருவராயிருந்தால் அதிர்ஷ்டம் என்று விட்டிருப்பார். அவர் மறு ஆண்டும் நட்டுப் பார்த்தார். நம் டெல்டாவில் 'இராஜராஜன் 1000' என்ற பெயரிலும் அறியப்பட்ட செம்மை நெல் சாகுபடியின் தொடக்கம் அதுதான். பற்றாக்குறை, கூர்ந்த கண், மறுமுறை செய்து பார்த்தல்: அங்கே இருந்த முறை இவ்வளவுதான்.

ஆகவே முறைகளைக் கற்பிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முறையான முறைகளைக் கற்பியுங்கள் என்கிறேன். முதல் இரண்டு வாரம் மாணவன் ஒட்டுத்தாளைத் தொடக் கூடாது. கொள்முதல் நிலைய வாசலில் நிற்கட்டும். நெல் காய்ப்பவரோடு ஒரு பகல் கிளறட்டும். கண்டதைத் தனியே உட்கார்ந்து எழுதட்டும். பிறகு மாலைமாற்றுப்போல் ஒரு விதி கொடுங்கள்: ஐந்நூறு ரூபாய்க்குள், மின்சாரமின்றி, இருவர் தூக்கும் எடையில். சாக்கிலும் மூங்கிலிலும் ஒரு மாதிரி செய்யட்டும். ஐந்து பேரிடம் கொடுத்து வெள்ளோட்டம் பார்க்கட்டும். அது தோற்கும். தோற்ற விதத்தை எழுதியதற்கு மதிப்பெண் கொடுங்கள்.

"இதற்கெல்லாம் பாடவேளை ஏது?" என்பார்கள். இரண்டு நாள் பட்டறைகளை ஆண்டுதோறும் நடத்த நேரம் இருக்கிறதல்லவா? "எல்லோரும் முருகானந்தம் ஆகிவிட முடியுமா?" என்பார்கள். முடியாது. ஆனால் கோவை அருணாசலம் முருகானந்தம் மலிவு விலை சானிட்டரி நாப்கின் இயந்திரத்துக்காகப் பட்டறை எதற்கும் போகவில்லை. தம் வீட்டில் கண்ட ஒன்றை விடாமல் பல ஆண்டுகள் துரத்தினார். கற்பிக்க வேண்டியது அந்தத் துரத்தலை.

அந்தப் பையனின் செயலி என்னவாயிற்று என்று எனக்குத் தெரியாது. தார்ப்பாய் மட்டும் ஒவ்வொரு தையிலும் சாலையோரத்தில் கண்ணில் படுகிறது. அதனடியில் நெல்லோடு ஒரு கேள்வியும் கிடக்கிறது. அதைத் தூக்கிப் பார்க்கக் கற்றுக்கொடுப்பதற்குப் பெயர்தான் கல்வி.