காத்து இருக்கிற டயருக்கே காத்து அடிச்சோம்

அலாய் வீல் மாட்டின அன்னைக்கு காரைச் சுத்திச் சுத்தி போட்டோ எடுப்போம். மறுநாள் காலையில டேஷ்போர்டுல மஞ்சளா ஒரு விளக்கு எரியும். குதிரை லாடம் மாதிரி ஒரு வடிவம், நடுவுல ஆச்சரியக்குறி. கடைக்கு போன் போட்டா, "அது சென்சார் லைட்டுதாங்க, கண்டுக்காதீங்க"ன்னு சொல்வாங்க. எனக்குக் கோபமே இந்தக் "கண்டுக்காதீங்க" மேலதான்.

என் பெரியப்பா பையனும் போன வருஷம் இப்படித்தான் புது வீல் மாட்டினான். விளக்கு எரிஞ்சது. காரணம் ரொம்ப எளிமை: சென்சார் பழைய வீலுக்குள்ளேயே இருந்தது, பழைய வீல் எங்க மொட்டைமாடியில வெயில் காஞ்சுக்கிட்டு இருந்தது. மறுபடி கடைக்குப் போய் நாலு சென்சாரையும் கழட்டி புது வீல்ல மாட்டிக்கிட்டு வந்தான். விளக்கு அணைஞ்சது. எல்லாருக்கும் சந்தோஷம்.

மூணு வாரம் கழிச்சு திருச்சி போற வழியில, உளுந்தூர்பேட்டை தாண்டினதும் திரையில எச்சரிக்கை: முன்பக்க இடது டயர் 24 பிஎஸ்ஐ. பங்க்ல நிறுத்தி கேஜ் வச்சுப் பார்த்தா அந்த டயர்ல 33 இருக்கு! "கார் தப்பா காட்டுதுங்க"ன்னு பங்க் தம்பி சொன்னார். ஆனாலும் அண்ணனுக்கு மனசு கேக்கல, இன்னும் கொஞ்சம் அடிக்கச் சொன்னான். கிளம்பப் போற நேரத்துல பெரியப்பாதான், "இறங்கினது இறங்கிட்டோம், நாலையும் பாத்துடுடா"ன்னார். பின்பக்க வலது டயர்ல ஆணி. அதுலதான் 24.

கார் தப்பா காட்டல. ஒவ்வொரு சென்சாருக்கும் தனி அடையாள எண் உண்டு. எந்த எண் எந்த மூலைன்னு காரோட கணினி மனசுல வச்சிருக்கும். கடையில சென்சாரை இடம் மாத்தி மாட்டிட்டாங்க, காருக்கு யாரும் அதைச் சொல்லல. அழுத்தம் சரி, முகவரி தப்பு. விளக்கு எரிஞ்சிருந்தா சந்தேகமாவது வந்திருக்கும். அணைஞ்சதால நம்பிட்டோம்.

நான் இசிஇ மூணாவது வருஷம். மெக்கானிக்கல் மக்கள் கோவிச்சுக்கக் கூடாது, டயருக்குள்ள இருக்கிற இந்தச் சமாச்சாரம் எங்க ஏரியா. வால்வுக்குப் பின்னாடி உக்காந்திருக்கிற சின்ன ரேடியோ அது. பேட்டரியை உள்ளேயே வச்சு மூடியிருப்பாங்க, தீர்ந்தா சென்சாரையே மாத்தணும். பேட்டரியை மிச்சம் பிடிக்க, வண்டி நின்னா தூங்கிடும். அதனால கடை வாசல்ல நிறுத்தி வச்சு "இன்னும் வரலையே"ன்னு திரையைப் பாக்காதீங்க. ஓட்டணும், இல்லன்னா 125 கிலோஹெர்ட்ஸ் சிக்னல்ல அதைத் தட்டி எழுப்புற கருவி வேணும். அலைவரிசையும் முக்கியம். நம்மூர், ஐரோப்பிய கார்கள்ல பெரும்பாலும் 433 மெகாஹெர்ட்ஸ், அமெரிக்க கார்கள்ல நிறைய 315. ஆன்லைன்ல மலிவா கிடைச்சுதுன்னு 315 வாங்கி மாட்டினா, சென்சார் பேசிக்கிட்டே இருக்கும், கார் காதுல விழாது.

விளக்கு எப்படி எரியுதுன்னு முதல்ல பாருங்க. வண்டியை ஆன் பண்ணதும் ஒரு நிமிஷம் போல மினுக்கி மினுக்கி அப்புறம் நிலையா எரிஞ்சா, பெரும்பாலான கார்கள்ல சென்சார் கேக்கலன்னு அர்த்தம். மினுக்காம நேரா எரிஞ்சா நிஜமாவே காத்து குறைவு. காலையில எரிஞ்சு கொஞ்ச தூரம் ஓடினதும் அணையுதா? கடையில டயர் சூடா இருக்கும்போது காத்து அடிச்சிருப்பாங்க. முதல் வருஷ இயற்பியலை எடுங்க: வெப்பநிலை 10 டிகிரி குறைஞ்சா 33 பிஎஸ்ஐ டயர்ல ஒன்றரை பிஎஸ்ஐ போல இறங்கும்.

சில கார்கள்ல டயருக்குள்ள சென்சாரே கிடையாது. ஏபிஎஸ் சென்சார் மூலமா எந்தச் சக்கரம் கொஞ்சம் வேகமா சுத்துதுன்னு பாத்து காத்து குறைவைக் கணிக்கும். அதுல வீல் மாத்தினதும் ரீசெட் பண்ணணும். ஆனா காத்தைச் சரி பண்ணிட்டுத்தான் பண்ணணும். குறைஞ்ச காத்தோட ரீசெட் அழுத்தினா, அந்தக் குறைவையே சரின்னு கத்துக்கும்.

இதையெல்லாம் விட மோசமான ஒரு "ஐடியா" சுத்துது. பிவிசி குழாய்க்குள்ள நாலு சென்சாரையும் போட்டு, காத்து அடிச்சு, மூடி டிக்கியில வச்சுடறது. விளக்கு எரியாது. டயர் தட்டையானாலும் திரையில 33தான். கெட்டிக்காரத்தனம்னு இதை ஷேர் பண்றவங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். 2020-ல வந்த விதிப்படி, டயர் அழுத்தக் கண்காணிப்பும் பஞ்சர் கிட்டும் இருக்கிற கார்ல ஸ்டெப்னி கட்டாயமில்லை. ஸ்டெப்னியை எடுத்துட்டு நம்ம கையில குடுத்ததே இந்த விளக்கைத்தான். அதையும் குழாய்க்குள்ள போட்டு மூடிட்டா நடு ராத்திரி ஹைவேல என்ன மிச்சம்?

காருக்குச் சென்சாரைக் கத்துக்கொடுக்கிறதும் வீல் மாட்டுற வேலையில சேர்ந்ததுதான், கூடுதல் உபகாரம் இல்லை. நட்டை முடுக்காம யாரும் காரை வெளியே விடறதில்லையே! சில கார் கொஞ்ச நேரம் ஓட்டினா தானாவே கத்துக்கும், சிலதுல மெனுவுல போகணும், சிலதுக்கு ஓபிடி போர்ட்ல கருவி சொருகணும். உங்க கார் எந்த வகைன்னு மேனுவல்ல பாத்துட்டுப் போங்க. உங்க கார் ஒவ்வொரு டயருக்கும் தனித்தனியா நம்பர் காட்டுற வகையா இருந்தா, பணம் குடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு டயர்ல மட்டும் 5 பிஎஸ்ஐ இறக்கச் சொல்லி ஒரு சுத்து ஓட்டிப் பாருங்க. திரையில அதே மூலையில நம்பர் இறங்கணும். அப்புறம் அடுத்த டயர்.

அண்ணன் மூணாவது தடவை அதே கடைக்குப் போனப்போ நானும் கூடப் போனேன். நாலு டயரையும் இப்படிப் பாத்து முடிக்க அரை மணி நேரம் ஆச்சு. கடைக்காரர் முதல்ல முறைச்சார். ரெண்டாவது டயர்ல காத்து இறக்கினப்போ திரையில மூணாவது டயர் நம்பர் இறங்கிச்சு. அப்புறம் அவரே வந்து பக்கத்து சீட்ல உக்காந்துக்கிட்டார்.