சிப்பாய் பின்வாங்குவதில்லை!



சதுரங்கத்தில் எல்லாக் காய்களும் முன்னாலும் போகும், பின்னாலும் வரும். சிப்பாய் மட்டும்தான் முன்வைத்த காலைப் பின்வைக்காது. அதனாலோ என்னவோ, ஹாஸ்டலில் சீனியர் அண்ணன் ஒருவர் சொல்லித்தந்த 'கிங்ஸ் காம்பிட்' எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. இரண்டாவது நகர்த்தலிலேயே ஒரு சிப்பாயை, 'இந்தா, வெட்டிக்கோ' என்று எதிரிக்கு நீட்டுவது! அவன் வெட்டினால் அவனுடைய சிப்பாய் நடுக்களத்தை விட்டு விலகும். நமக்குத் தாக்க வழி திறக்கும். ஆனால் நம் ராஜாவுக்கும் காவல் குறையும்.

1960-ல் அர்ஜென்டினாவின் மார் டெல் பிளாட்டா போட்டியில் சோவியத் வீரர் ஸ்பாஸ்கி இதைத்தான் ஆடினார். எதிரே அமெரிக்காவின் பாபி பிஷர். வயது 17, என்னைவிட ஒரு வயது சின்னவர்! சிப்பாயை வெட்டினார், நன்றாகவும் ஆடினார். பிறகு தடுமாறி 29-வது நகர்த்தலில் தோற்றார். அந்தப் போட்டியில் அவர் தோற்றது அந்த ஒரே ஆட்டம்தான். கடைசியில் இருவரும் 15-க்கு 13½ புள்ளி எடுத்து முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார்கள்.

'அதான் முதலிடம் கிடைச்சிருச்சே' என்று பிஷர் விட்டுவிட்டாரா? இல்லை! தோற்ற ஆட்டத்தைத் தோண்டித் துருவி, 1961-ல் அந்தத் தொடக்கத்தை முறியடிக்கும் வழி இதுதான் என்று கட்டுரையே எழுதினார். 1963-ல் தானே வெள்ளைக் காயில் கிங்ஸ் காம்பிட் ஆடி ஜெயித்தார். 1972-ல் அதே ஸ்பாஸ்கியை வென்று உலக சாம்பியன் ஆனார்.

இனி நம் கதை. எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான். அப்பா மூட்டை தூக்குகிறார். என் ஃபீஸுக்காக அம்மாவின் தோடு அடகுக் கடையில் இருக்கிறது. மூன்றாம் செமஸ்டரில் 'ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்' அரியர் விழுந்தபோது, "ரிசல்ட் இன்னும் வரலைம்மா" என்று இரண்டு மாதம் பொய் சொன்னேன். அந்தப் புத்தகத்தைத் தொடவே பயம். கடைசியில் உண்மையைச் சொன்னதும் அம்மா கேட்டது ஒன்றே ஒன்று: "திரும்ப எழுத விடுவாங்கல்ல?"

நண்பர்களே, அரியர் அவமானமல்ல. அதை ஒளிப்பதுதான் தப்பு என்பது என் கருத்து. யாரிடமும் சொல்லாமல் மெல்ல மெல்ல வகுப்புக்கே வராமல் போனவர்களை நாம் பார்க்கவில்லையா? கேள்வித்தாளை விரித்து வைப்போம். எந்தக் கணக்கில் சறுக்கினோம் என்று பார்ப்போம். தெரிந்தவனிடம் வெட்கப்படாமல் கேட்போம்.

தோடு இன்னும் அடகில்தான் இருக்கிறது. அடுத்த மாதம் நான் மறுபடி எழுதப் போகிறேன். நீங்களும் வாருங்கள், சேர்ந்தே எழுதுவோம்!