அக்காவுக்கு என்ன பூனை?

போன வாரம் கோயமுத்தூர்ல இருந்து அக்கா மகன் போன் பண்ணினான். "மாமா, அம்மா தனியா இருக்குது. பெர்சியன் பூனை ஒண்ணு வாங்கிக் குடுக்கலாம்னு இருக்கேன். ரொம்ப சாதுவாம்" என்றான்.

அக்காவுக்கு 71 வயசு. மச்சான் போய் ஒன்றரை வருசம் ஆச்சு. முழங்கால் வலி, தோள்பட்டை வலி, சர்க்கரை வேற.

பெர்சியன் சாதுதான், இல்லைன்னு சொல்லலை. ஆனா அந்த முடியை தினமும் சீவி விடணும், விட்டா சடை விழுந்துடும். மூஞ்சி சப்பை, அதனால கண்ணுல தண்ணி வடியும், அதையும் தொடைக்கணும். வெயில் காலத்துல மூச்சு வாங்கும். தன் தலையைச் சீவவே கை தூக்க முடியாத அக்காவுக்கு இது துணையா, இன்னொரு வேலையா?

ஜாதியைப் பார்க்காதே கண்ணு, வயசைப் பாருன்னேன். குட்டி அழகுதான், ஆனா காலுக்குள்ளயே ஓடும். எங்க அம்மா அப்படித்தான் சமையக்கட்டு வாசப்படியில ஒரு செவலைக் குட்டி குறுக்க வந்து விழுந்தாங்க. அதுக்கப்புறம் கடைசி வரைக்கும் கைத்தடிதான். குட்டியை ஒரு வார்த்தை திட்டினதில்லை.

மூணு நாலு வயசான நாட்டுப் பூனைன்னா குணம் தெரிஞ்சு எடுக்கலாம். ஒரே வயித்துல பொறந்தாலும் குணம் ஒண்ணா இருக்காது. எங்க சாளையில அந்தச் செவலையோட கூடப் பொறந்த கறுப்பு, தொட்டாலே பிறாண்டும். சர்க்கரைக்காரங்களுக்குப் புண் ஆற நாளாகும், அது ஆகாது. கீழ உக்கார்ந்து கையை நீட்டணும். தானா வந்து உரசுதா, தூக்கினா திமிறாம இருக்கா, கரண்டி விழுந்த சத்தத்துக்கு ஓடினது கொஞ்ச நேரத்துல திரும்புதா, இதைப் பார்த்தாப் போதும். ஆபரேஷனும் வெறிநோய்த் தடுப்பூசியும் முடிஞ்சிருக்கணும்.

"பூனை 15 வருசம் கூட இருக்கும். அக்காவால முடியாமப் போனா நீ எடுத்துக்குவியா?" என்றேன். போன்ல சத்தமே இல்லை.

"சரி, அம்மாகிட்டயாவது கேட்டியா?"

"சர்ப்ரைஸ் மாமா."

பதினஞ்சு வருசத்துத் துணையை யாராவது சர்ப்ரைஸா குடுப்பாங்களா?

எங்க அம்மா போய் எட்டு மாசம் ஆகுது. செவலை இன்னமும் அவங்க கட்டில்லதான் படுக்குது. இப்ப அதுக்கு அஞ்சு வயசு, ஆபரேஷனும் ஊசியும் ஆச்சு. புது வீட்டுக்குப் போனா ரெண்டு வாரம் ஒரே ரூம்ல கதவைச் சாத்தி வச்சுப் பழக்கணும், அவ்வளவுதான்.

ஞாயித்துக்கிழமை அக்காவைக் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்கேன். கட்டில்ல உக்காரட்டும். செவலை பக்கத்துல வருதான்னு பார்க்கலாம்.